கேட்கானை வெட்டச் சொல்லி வருகிற தம்பிகளுக்கு

பாளையங்கோட்டையில் பைக் பட்டறை வைத்திருக்கிறேன். கார்புரேட்டர் காலத்தில் தொழில் பழகியவன். இப்போது ஸ்பானரோடு, வண்டியின் கோளாறைப் படிக்கிற ஸ்கேனரும் கையில் இருக்கிறது. பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதி) வண்டிகள் வந்த பிறகு இளவட்டங்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான்: “அண்ணாச்சி, கேட்கானை எடுத்துரலாமா?” புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எடுத்தால் பிக்கப் கூடுமாம், மைலேஜ் கூடுமாம், காலில் அடிக்கிற சூடு குறையுமாம், சத்தம் கெத்தாக இருக்குமாம். ரோட்டில் ஓடுகிற வண்டியில் நான் அதை வெட்டித் தருவதில்லை. வேலை நேரத்தில் ஒவ்வொருவரிடமும் நின்று காரணம் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

காயலான் கடைக்குப் போக இருந்த ஒரு சைலன்சரைப் பிளந்து, கேட்கான் தெரிகிற மாதிரி கடையில் வைத்திருக்கிறேன். வெட்ட வேண்டும் என்று வருகிறவர்களின் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பேன். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு உருளை. தட்டையான மெல்லிய ஸ்டீல் தகடு ஒன்று, நெளிநெளியான தகடு ஒன்று, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி ஓட்டுக்குள் பொருத்தியிருப்பார்கள். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சத்தைப் பார்த்தால் நூற்றுக்கணக்கான சிறு துளைகள் தெரியும். தகட்டின் மேல் மங்கலான ஒரு பூச்சு. அது அலுமினா. அந்தப் பூச்சில்தான் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் மிகச் சிறிய அளவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பார்த்தவுடன் பெரும்பாலானோர் சொல்வது, “இவ்வளவுதானா? நான் ஏதோ ஃபில்டர்னு நினைச்சேன்.”

ஃபில்டர் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஃபில்டர் என்றால் அழுக்கு சேரும், சேர்ந்தால் அடைக்கும், அடைத்தால் தூக்கிப் போட வேண்டும். கேட்கான் எதையும் பிடித்து வைப்பதில்லை. பெட்ரோல் எந்த இன்ஜினிலும் முழுசாக எரிவதில்லை. கார்பன் மோனாக்ஸைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்ஸைடு மூன்றும் புகையோடு வெளியே வரும். அந்தத் துளைகளின் வழியாகப் போகும்போது இவை கார்பன் டை ஆக்ஸைடாகவும் நீராவியாகவும் சாதாரண நைட்ரஜனாகவும் மாறிவிடுகின்றன. இந்த வேலை தொடங்க ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதனால்தான் கேட்கானை இன்ஜினுக்குப் பக்கத்தில், பெண்ட் பைப்பிலோ (இன்ஜினிலிருந்து புகையை எடுத்துப் போகிற வளைந்த குழாய்) சைலன்சரின் தொடக்கத்திலோ வைக்கிறார்கள்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. மூன்று வாயுக்களும் ஒரே நேரத்தில் மாற வேண்டுமானால் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்திருக்க வேண்டும். சுத்த பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். இந்த அளவைக் கண்காணிக்கத்தான் பெண்ட் பைப்பில் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. சென்சார் சொல்வதைக் கேட்டு, இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு, பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் திறக்கிற நேரத்தைக் கூட்டும், குறைக்கும். சென்சார், இன்ஜெக்டர், கேட்கான் மூன்றும் சேர்ந்த கூட்டு இது. ஒன்றில் கை வைத்தால் மற்ற இரண்டும் வேறு கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

நம் ஊருக்கு இது திடீரென்று வந்ததும் இல்லை. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கேட்கான் கட்டாயமானது. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தால் கேட்கான் செத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க அதுதான் என்றானது. பைக்குகளுக்கு 2017 ஏப்ரலில் பிஎஸ்4. 2020 ஏப்ரலில் பிஎஸ்6. பெட்ரோலில் இருந்த கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. பிஎஸ்6 பைக் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 1 கிராமுக்கு மேல் கார்பன் மோனாக்ஸைடு விடக்கூடாது. நைட்ரஜன் ஆக்ஸைடுக்கு 0.06 கிராம்தான் எல்லை. கேட்கான் இல்லாமல் அந்த எல்லைக்குள் நிற்பது சாதாரண ரோட்டு வண்டியால் ஆகாத காரியம்.

இனி அனுபவத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி வீடுகளுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வாரக்கணக்கில் பட்டறை முழுக்க மூழ்கின வண்டிகள்தான். அதில் ஒன்று, ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து வந்த 150 சிசி பிஎஸ்6 வண்டி. கொரியர் வேலை பார்க்கிற தம்பி. வண்டி ஓடினால்தான் அன்றைய சம்பளம்.

வேறொரு இடத்தில் ஆயில் மாற்றி, ஏர் ஃபில்டர் மாற்றி, பெட்ரோல் டேங்க் கழுவி எல்லாம் ஆகிவிட்டது. வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் ஐடிலிங்கிலும் அணையாமல் ஓடுகிறது. ஆனால் ஐம்பதைத் தாண்டினால் அமுங்குகிறது. எவ்வளவு ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி.

“கேட்கான் அடைச்சிருச்சாம் அண்ணாச்சி. புதுசு மாத்தணும்னா பெரிய காசு ஆகும்ங்காங்க. வெல்டிங் கடையில வெட்டிட்டு பைப் வெச்சா ஆயிரம் ரூவால முடிஞ்சிருமாம். நீங்க கழட்டி மட்டும் கொடுங்க.”

“கழட்டத்தான் போறேன். ஆனா வெட்டுறதுக்கு முன்னால ஒரு பத்து நிமிஷம் எனக்குக் கொடு தம்பி.”

வண்டியை ஸ்டார்ட் செய்து சைலன்சர் வாய்க்கு நேராக, சூடு படாத தூரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் காற்று கையைத் தள்ள வேண்டும். தள்ளவில்லை, சோர்ந்துபோய் வந்தது. எங்கோ அடைப்பு இருப்பது உறுதி. எங்கே என்பதுதான் கேள்வி. அந்த வண்டியில் கேட்கான் பெண்ட் பைப்பின் அடியில், இன்ஜினுக்குக் கீழே இருக்கிறது. அதற்குப் பின்னால் கிளாம்ப் போட்டு சைலன்சர் தனியாக மாட்டியிருக்கும். கிளாம்பைத் தளர்த்தி சைலன்சரை மட்டும் இறக்கினேன். கேட்கான் அப்படியே இருந்தது. திரும்ப ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டர் கொடுத்தவுடன் தெருவே திரும்பிப் பார்த்தது. ஆர்பிஎம் முள் எந்தத் தடையும் இல்லாமல் ஏறியது.

கேட்கானில் அடைப்பு இல்லை என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கீழே கிடந்த சைலன்சரைத் தூக்கினால் இருக்க வேண்டிய எடையைவிடக் கனம். சைலன்சரின் அடியில் தண்ணீர் வடிவதற்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது மண்ணால் மூடியிருந்தது. கம்பியால் குத்தித் திறந்து, வாய் வழியாகத் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் சாயம் போகிற மாதிரி செம்பழுப்பாக வண்டல் கரைந்து வந்தது. உள் அறைகளில் இறுகிப்போனது உடனே வரவில்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, மறுநாள் ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தோம். கட்டிகள் செங்கல் துண்டு மாதிரி விழுந்தன. வெயிலில் நன்றாகக் காயவைத்து, இணைப்பில் புகை கசியாமல் இருக்கப் புது கேஸ்கெட் போட்டு மாட்டினோம். வண்டி பழையபடி ஓடியது. கேஸ்கெட் விலையும் என் கூலியும்தான் செலவு.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்தத் தம்பி நேராக வெல்டிங் கடைக்குப் போயிருந்தால், நல்ல நிலையில் இருந்த கேட்கான் போயிருக்கும். அடைப்பு சைலன்சரிலேயே இருந்திருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் என்ன கோளாறு வந்தாலும் கேட்கான் மேல் பழி போடுகிற பழக்கம் வந்துவிட்டது. கேட்கானுக்குப் பின்னால் சைலன்சர் தனியாகக் கழற்ற வருகிற வண்டியாக இருந்தால், முதலில் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே துண்டாக இருந்தால் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையைத் திறந்துவைத்தபடியே கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கலாம். அப்போது மட்டும் இன்ஜின் தாராளமாக ஏறினால் அடைப்பு அதற்குப் பின்னால் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். செக் இன்ஜின் லைட் எரியும். சென்சாரை மாட்டிய பிறகு ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம். அதே ஓட்டை வழியாகச் சின்ன கேமரா விட்டால் பல வண்டிகளில் கேட்கானின் முகமே தெரியும். துளைகள் வரிசையாக இருந்தால் கேட்கான் நலம். தகடு உருகிச் சுருண்டிருந்தால், கரியும் ஆயில் பிசுக்கும் அப்பியிருந்தால், அது வேறு கதை.

அந்த வேறு கதையும் என் கடைக்கு வந்ததுதான். மைலேஜ் இல்லை, வண்டி இழுக்கவில்லை என்று ஒருவர் தன் பிஎஸ்4 வண்டியைக் கொண்டுவந்தார். கேட்கான் ஏற்கெனவே வேறிடத்தில் வெட்டப்பட்டிருந்தது. “அது அடைச்சுப்போச்சுன்னு எடுத்தாங்க. எடுத்ததும் ஒரு மாசம் நல்லா இருந்துச்சு, திரும்பவும் அதே கதை” என்றார். ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை. ஆயில் குச்சியை எடுத்தால் நுனியில்கூட ஆயில் இல்லை. வால்வு சீல் கடினமாகி வெடித்திருந்தது, பிஸ்டன் ரிங்கும் தேய்ந்திருந்தது. இன்ஜின் ஆயிலில் உள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் புகையோடு போய் கேட்கானின் பூச்சு மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். கேட்கான் அடைத்ததற்குக் காரணம் இன்ஜின் ஆயில் குடித்தது. கேட்கானை எடுத்ததால் அடைப்பு போனது, ஆயில் குடிப்பது நிற்கவில்லை. கேட்கான் இருந்தபோதே யாராவது “இது ஏன் அடைத்தது?” என்று கேட்டிருந்தால் சீலும் ரிங்கும் மாற்றுவதோடு முடிந்திருக்கும். என்னிடம் வந்தபோது சிலிண்டர் போரிலும் கோடு விழுந்திருந்தது.

கேட்கான் தானாகச் சாவது அபூர்வம். வேறு ஒன்று அதைக் கொல்கிறது. ஆயில் குடிக்கிற இன்ஜின் ஒன்று. இன்னொன்று மிஸ்ஸிங். பிளக்கோ பிளக் கேப்போ காயிலோ கெட்டு ஸ்பார்க் சரியாக விழவில்லை என்றால், எரியாத பெட்ரோல் அப்படியே கேட்கானுக்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் தகடே உருகும். ராத்திரியில் பெண்ட் பைப்பின் அடிப்பகுதி செக்கச்செவேல் என்று கனிவதைப் பார்த்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கால் சுடுகிறது என்று கேட்கானை எடுக்க வருகிறவர்களின் வண்டியில் நான் முதலில் பிளக்கைத்தான் கழற்றுவேன். கேட்கான் சூடாக இருப்பது இயல்பு. திடீரென்று முன்பைவிடச் சூடு கூடினால் பெட்ரோல் எங்கோ எரியாமல் வருகிறது என்று பொருள். அதற்கு மருந்து பிளக், டேப்பட் இடைவெளி, இன்ஜெக்டர் சுத்தம், அவ்வளவுதான். அழுகிய முட்டை வாடை வந்தாலும் இதே பக்கம்தான் பார்க்க வேண்டும். பெட்ரோல் அதிகமாகப் போகிறது.

மூன்றாவது, பழைய பழக்கம். டூ ஸ்ட்ரோக் காலத்தில் சைலன்சரில் கரி அடைத்தால் நெருப்பில் போட்டு எரிப்போம், அல்லது காஸ்டிக் சோடா கரைசல் ஊற்றி ஊறவைப்போம். அந்தக் காலத்துச் சைலன்சருக்கு அது சரி. இப்போதும் சிலர் கேட்கான் உள்ள சைலன்சருக்குக் காஸ்டிக் சோடா ஊற்றுகிறார்கள். காஸ்டிக் சோடா அலுமினாவைக் கரைத்துவிடும். விலை உயர்ந்த உலோகம் ஒட்டியிருப்பதே அந்தப் பூச்சில்தான். சைலன்சர் பளிச்சென்று ஆகும், கேட்கான் வெறும் தகடாக மிஞ்சும். உங்கள் பெரியப்பா காலத்து மெக்கானிக் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதை மட்டும் செய்ய விடாதீர்கள்.

பிக்கப் விஷயத்துக்கு வருவோம். கேட்கான் புகைக்குக் கொஞ்சம் தடைதான், மறுக்கவில்லை. ரேஸ் வண்டியில், இன்ஜினையும் இசியு மேப்பையும் (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கு) அதற்கேற்ப மாற்றி, இன்ஜின் பலத்தை அளக்கிற டைனோவில் ஏற்றி டியூன் செய்தால் பலன் கிடைக்கும். ஸ்ரீபெரும்புதூர் ரேஸ் டிராக்கிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓட்டுகிறவர்கள் அப்படிச் செய்வார்கள். அவர்கள் வண்டியை டிராக்குக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள், ஓட்டிக்கொண்டு போக மாட்டார்கள். 150, 200 சிசி ரோட்டு வண்டியில் கேட்கானை மட்டும் எடுத்துவிட்டு வேறு எதையும் தொடாமல் விட்டால் கிடைப்பது சத்தம். சத்தம் கூடினால் வேகம் கூடின மாதிரி காதுக்குத் தோன்றும். என்னிடம் அடித்துச் சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வெட்டுவதற்கு முன்னால் ஒரு நேர் ரோட்டில், ஒரே கியரில், நாற்பதிலிருந்து எண்பதுக்குப் போக எத்தனை விநாடி ஆனது என்று பார்த்து வைத்தீர்களா? பார்த்தவர் யாரும் இதுவரை வரவில்லை.

முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டும்போது இசியு பெரும்பாலும் ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்பதில்லை. கம்பெனி பதிந்து வைத்த கணக்குப்படியே பெட்ரோல் கொடுக்கும். அந்தக் கணக்கு கேட்கானோடு சேர்த்துப் போட்டது. கேட்கானும் சைலன்சரும் மாறிப் புகை போகிற வேகம் மாறினால் கலவை லீன் ஆகக்கூடும், அதாவது காற்று கூடி பெட்ரோல் குறையும். லீன் ஆனால் இன்ஜின் சூடு கூடும். கால் சூட்டுக்குப் பயந்து கேட்கானை எடுத்தவர் இன்ஜின் ஹெட் சூட்டை விலைக்கு வாங்கிக்கொண்ட கதை அப்படித்தான் நடக்கிறது.

வெல்டிங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் கடைக்கு வருகிற தொல்லைகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது. ஒரு 350 சிசி வண்டி. கேட்கானை எடுத்து, புகைக்குத் தடை குறைந்த ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டியிருந்தார்கள். ஆக்ஸிலேட்டரை விட்டால் பட பட பட என்று வெடிக்கிறது, மைலேஜும் விழுந்துவிட்டது. வண்டிக்காரத் தம்பி அதற்குமேல் பெட்ரோல் அளவை மாற்றுகிற ஃப்யூவல் கன்ட்ரோலர் என்று ஒன்றையும் வாங்கி மாட்டியிருந்தான். பெண்ட் பைப்பில் புதிதாகப் போட்ட வெல்டிங்கின் மேல் சோப்புத் தண்ணீர் தடவி, சைலன்சர் வாயைத் துணியால் அடைத்து, பின் பக்கத்திலிருந்து மெதுவாகக் காற்று விட்டோம். சென்சாருக்குக் கொஞ்சம் முன்னால், தையல் போன இடத்தில் வரிசையாக நுரை கிளம்பியது. ஊசி முனை அளவு ஓட்டைகள்.

புகை ஒரே சீராகப் போவதில்லை, துடித்துத் துடித்துப் போகும். ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் அந்த ஓட்டைகள் வெளிக்காற்றை உள்ளே இழுக்கின்றன. சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து “ஆக்ஸிஜன் அதிகம், பெட்ரோல் குறைவு” என்று சொல்கிறது. இசியு நம்பி பெட்ரோலைக் கூட்டுகிறது. மைலேஜ் விழுந்தது அதனால்தான். ஆக்ஸிலேட்டரை விடும்போது எரியாமல் வருகிற பெட்ரோல் அந்தக் காற்றோடு சேர்ந்து பைப்புக்குள்ளேயே எரிந்தது, அதுதான் வெடிச்சத்தம். கேட்கானை எடுத்த கூலி, சைலன்சர், கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்து அந்தத் தம்பி செலவழித்த பணத்துக்கு வண்டிக்கு வருஷக்கணக்கில் ஒழுங்காக சர்வீஸ் செய்திருக்கலாம். கடைசியில் ஒரிஜினல் பெண்ட் பைப் செட் வாங்கிப் போட்டோம். வண்டி அமைதியானது.

மைலேஜ் குறைந்துவிட்டது என்று வருகிறவர்களுக்கு இன்னொரு தகவல். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே மைலேஜில் கொஞ்சம் குறைவது எதிர்பார்க்க வேண்டியதே. அதற்குமேல் குறைந்தால் டயர் காற்று, செயின் இறுக்கம், பிரேக் உராய்வு, ஏர் ஃபில்டர் என்று பாருங்கள். கேட்கானை வெட்டி எத்தனாலைத் துரத்த முடியாது.

வெட்டுகிற கூலியே வேண்டாம், இலவசமாகச் செய்து தருகிறோம் என்று சொல்கிற இடமும் இருக்கிறது. ஏன் இலவசம் என்று யோசியுங்கள். 2021-ல் கேட்கானில் இருக்கிற ரோடியத்தின் விலை தங்கத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேலே போனது. பிறகு இறங்கினாலும் இந்த உலோகங்களுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. பழைய கேட்கானை வாங்கிப் போகிற வியாபாரிகள் இருக்கிறார்கள். எந்தக் காரணத்துக்காகக் கேட்கான் மாற்றினாலும் பழையதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட. காற்று மாசு, சத்தம் தொடர்பான விதியை மீறினால் 190(2) பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். “புகை டெஸ்டுல பாஸ் ஆயிருதே அண்ணாச்சி” என்பார்கள். அந்த டெஸ்டில் வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோகார்பனும்தான் அளக்கப்படுகின்றன. நைட்ரஜன் ஆக்ஸைடைப் பார்ப்பதில்லை, ஓடும்போது என்ன வருகிறது என்றும் பார்ப்பதில்லை. டெஸ்டில் பாஸ் ஆனதால் வண்டி சுத்தம் என்று ஆகிவிடாது. 2025 ஏப்ரலிலிருந்து வருகிற, தன் புகைக் கோளாறைத் தானே கண்டுபிடிக்கிற ஓபிடி‑2பி வண்டிகளில் கேட்கான் வேலை செய்கிறதா என்பதையே இசியு கண்காணிக்கிறது. எடுத்தால் லைட் எரியும். லைட்டை ஏமாற்ற டம்மி சென்சார், டம்மியை ஏமாற்ற ரீமேப் (இசியு கணக்கையே மாற்றி எழுதுவது) என்று போய்க்கொண்டே இருக்கும்.

அபராதத்துக்காகவோ லைட்டுக்காகவோ மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. நாள் முழுக்கப் புகைக்கு நடுவில் நிற்கிறவன் நான். மழை நாளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வண்டியை ஸ்டார்ட் செய்து டியூன் பார்த்தால், சாயங்காலம் பையன்கள் தலை வலிக்கிறது என்பார்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். இப்போது என் கடையில் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டுமென்றால் வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

வெளியே மட்டும் யார் இருக்கிறார்கள்? காலை எட்டரை மணிக்கு வண்ணார்பேட்டை சிக்னலில் நின்று பாருங்கள். முன்னால் நிற்கிற வண்டியின் சைலன்சர் வாய், பின்னால் நிற்கிற ஸ்கூட்டரில் முன்பக்கம் நிற்கிற குழந்தையின் முகத்துக்கு எவ்வளவு தூரம்? காரில் இருப்பவருக்கு ஒரு கண்ணாடியாவது தடுப்பாக இருக்கிறது. பைக்கில் போகிற நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் எதுவும் இல்லை. நம் ரோட்டில் அதிகம் ஓடுவது இருசக்கர வண்டி. நாம் விடுகிற புகையை நாமேதான் மூச்சில் இழுக்கிறோம். கேட்கானை வெட்டச் சொல்லி என் முன்னால் நிற்கிற தம்பியின் தங்கச்சியும் அதே சிக்னலில்தான் நிற்கிறாள். இதை நினைத்தால் எனக்கு அந்த கிரைண்டரைக் கையில் எடுக்க மனசு வருவதில்லை.

சரி, உண்மையிலேயே கேட்கான் செத்துவிட்டால்? தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரும், கேமராவில் தகடு உருகியிருப்பது தெரியும், சைலன்சர் தனியாகக் கழற்றியும் இழுவை வராது. அப்போது மாற்றத்தான் வேண்டும். வாரன்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃப்ரீ ஃப்ளோ மாட்டிய வண்டிக்கு அதைக் கேட்பது கஷ்டம். ஒரிஜினல் செட் வண்டியைப் பொறுத்துச் சில ஆயிரத்தில் தொடங்கி பத்தாயிரத்தைத் தாண்டும். பழைய ஸ்பேர் கடைகளில் விபத்து வண்டியிலிருந்து கழற்றிய ஒரிஜினல் கிடைக்கும். வாங்கினால் அதே மாடல், அதே பிஎஸ் தரமா என்று பார்த்து, குலுக்கிப் பார்த்து, ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் துளைகள் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புதுசு மாட்டுவதற்கு முன்னால் பழையதைக் கொன்றது எது என்று கண்டுபிடித்துச் சரி செய்தாக வேண்டும். ஆயில் குடிக்கிறதா, மிஸ்ஸிங் இருக்கிறதா, இன்ஜெக்டர் ஒழுகுகிறதா. இல்லாவிட்டால் புதுசும் அதே வழியில் போகும். பெண்ட் பைப் பக்கம் கேஸ்கெட் புதிதாகத்தான் போட வேண்டும். பழைய கேஸ்கெட்டின் மேல் சிலிக்கான் பேஸ்ட் அப்ப விடாதீர்கள், அது ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்கும். சென்சாரின் வயர் சூடான பைப்பைத் தொடாமல் கிளிப்பில் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சில நாள் ஓட்டிய பிறகு, வண்டி ஆறியிருக்கும்போது பெண்ட் பைப் நட்டையும் கிளாம்பையும் இன்னொரு முறை இறுக்கச் சொல்லுங்கள். சூட்டில் கேஸ்கெட் அமுங்கி நட்டு தளரும்.